டிவ்களுக்கு ரோல் சேர்த்தால் போதுமா, உறுப்புகளையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: பழையநிரல்

வணக்கம். நான் பராமரிக்கும் பழைய இணையதளம் ஒன்றில் மெனு, பொத்தான், தாவல் என எல்லாமே தமக்கெனப் பொருள் இல்லாத டிவ், ஸ்பான் ஆகிய இரண்டு எச்டிஎம்எல் உறுப்புகளாலேயே கட்டப்பட்டுள்ளன. அணுகல்தன்மைக்காக ஒவ்வொன்றுக்கும் அதன் வேலை என்ன என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ஏரியா ரோலையும், டேப் விசையால் அதை அடைய வைக்கும் டேப்இன்டெக்ஸையும் சேர்த்திருக்கிறேன்: பொத்தான்களுக்கு 'பட்டன்', தளத்தின் முதன்மை மெனுவுக்கு 'மெனு', அதன் இணைப்புகளுக்கு 'மெனுஐட்டம்'. தானியங்கிச் சோதனைக் கருவி இப்போது ஒரு பிழையும் காட்டவில்லை. பக்கத்தை உரக்கப் படிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானில் சோதித்தபோதும் பொத்தான்கள் என்டர் விசைக்கு இயங்கின. ஆனால் திரைவாசிப்பான் இல்லாமல் விசைப்பலகையை மட்டும் பயன்படுத்தும் ஒருவர், அதே பொத்தான்கள் என்டருக்கும் அசையவில்லை, ஸ்பேஸுக்கும் அசையவில்லை என்கிறார். மெனுவுக்குள் போனபின் அம்பு விசைகளால் எதையும் வாசிக்க முடியவில்லை என்று திரைவாசிப்பான் பயனர் ஒருவரும் எழுதியிருக்கிறார். நடைத்தாள்கள் (சிஎஸ்எஸ்) கைவைத்தால் சிதறிவிடும் நிலையில் இருப்பதால், உறுப்புகளை மாற்றாமலே இதைச் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி 1: விசைவழி

நீங்கள் சொல்லும் இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான். ரோல் உள்ளிட்ட ஏரியா பண்புகள், திரைவாசிப்பான் போன்ற கருவிகளுக்காக உலாவி உருவாக்கும் அணுகல் மரத்தை மட்டுமே மாற்றுகின்றன. ஓர் உறுப்பு தன்னைப் பொத்தான் என்று அறிவித்துக்கொள்வதற்கு மேல் அவற்றால் எதுவும் நடப்பதில்லை. உண்மையான பட்டன் உறுப்பில் குவியம் (அழுத்தும் விசைகள் தன்னிடம் வரும் நிலை) பெறுவது, என்டரை அழுத்தியதும் இயங்குவது, ஸ்பேஸை அழுத்தி விடுவித்ததும் இயங்குவது, முடக்கப்பட்டால் குவியத்தையும் சொடுக்கையும் ஏற்காதிருப்பது ஆகிய அனைத்தையும் உலாவியே பார்த்துக்கொள்கிறது. டிவ்வில் இவை ஒவ்வொன்றையும் நீங்கள் ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டும். ஸ்பேஸை அழுத்தும்போது பக்கம் கீழே நகர்ந்துவிடாமல் தடுப்பதும் அதில் அடக்கம்.

அப்படியானால் என்விடிஏவில் எப்படி இயங்கியது என்று கேட்பீர்கள். அதன் உலாவல் நிலையில் (அம்பு விசைகளால் பக்கத்தை வாசிக்கும் நிலை) என்டரை அழுத்தினால், அந்த விசை பக்கத்துக்குப் போவதில்லை. திரைவாசிப்பானே இடைமறித்து, அந்த உறுப்பின்மீது ஒரு சொடுக்கை நிகழ்த்துகிறது. உங்கள் நிரலில் சொடுக்குக்கு மட்டும் கையாளுநர் (அது நிகழ்ந்ததும் இயங்கும் நிரல்) இருப்பதால் அங்கே எல்லாம் சரியாகத் தெரிந்தது. திரைவாசிப்பானை அணைத்துவிட்டு டேப், என்டர், ஸ்பேஸ் ஆகியவற்றால் மட்டுமே தளத்தை ஒருமுறை கடந்து பார்ப்பதை நான் எப்போதும் முதல் சோதனையாக வைப்பது இதனால்தான்.

மெனுவின் நிலை இன்னும் மோசம். 'மெனு' ரோல் இணையதள வழிசெலுத்தலுக்கு உரியதன்று. கணினிச் செயலிகளில் 'கோப்பு', 'திருத்து' என்று விரிகிறதே, அந்த வகைப் பட்டிக்கு உரியது. குவியம் அதற்குள் சென்றதும் திரைவாசிப்பான் தன் வாசிப்புக் கட்டளைகளை நிறுத்திவிட்டு, அம்பு விசைகளைப் பக்கத்திடமே ஒப்படைக்கிறது. அவற்றைக் கையாள உங்கள் பக்கத்தில் நிரல் இல்லாததால் பயனர் உள்ளே மாட்டிக்கொள்கிறார். அந்த ரோல்களை முழுவதுமாக நீக்கிவிட்டு, வழிசெலுத்தலுக்கே உரிய நாவ் உறுப்புக்குள் ஒரு பட்டியலும் அதில் சாதாரண இணைப்புகளும் வையுங்கள். துணைமெனு விரிய வேண்டுமானால் ஒரு பட்டன் உறுப்பும், விரிந்த நிலைக்கேற்ப மாறும் ஏரியா-எக்ஸ்பாண்டட் பண்பும் போதும்.

நடைத்தாள் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகையானது. விதிகள் கிளாஸ் பெயர்களை நம்பி எழுதப்பட்டிருந்தால், உறுப்பை மாற்றியபின் உலாவியின் இயல்பு எல்லைக்கோடு, பின்னணி, எழுத்துரு ஆகியவற்றை மட்டும் மீட்டமைத்தால் போதும். 'ஆல்: அன்செட்' என்று ஒரே வரியில் துடைத்துவிடாதீர்கள், குவியத்தைக் காட்டும் வெளிக்கோடும் அதோடு போய்விடும்.

மறுமொழி 2: மெய்யுறுப்பு

மேலுள்ளதை ஏற்கிறேன். ஆனால் உறுப்புகளை மாற்றத் தொடங்கியதும் அடுத்த மிகை ஒன்று வரும்: நாவ் உறுப்புக்கே 'நாவிகேஷன்' ரோல் எழுதுவது. இன்றைய உலாவிகளில் அது வெறும் கூறியது கூறல். கெடுதல் இல்லை, பயனும் இல்லை. இதற்கு விலக்காக ஓர் இடம் நினைவுக்கு வருகிறது. பட்டியலின் புள்ளிகளை நடைத்தாளில் நீக்கினால், சஃபாரியில் ஆப்பிளின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் அதைப் பட்டியலாகவே அறிவிப்பதில்லை. நாவ் உறுப்புக்குள் இருக்கும் பட்டியலுக்கு மட்டும் இது பொருந்தாது. பிற இடங்களில் பட்டியல் என்ற தகவல் வாசகருக்குத் தேவையானால், அங்கே 'லிஸ்ட்' ரோலை வெளிப்படையாக எழுதுவதை நான் ஆதரிக்கிறேன்.

டிவ்களை எல்லாம் செக்‌ஷனாக மாற்றுவதிலும் பயன் இல்லை. அணுகல் பெயர் (திரைவாசிப்பான் அறிவிக்கும் பெயர்) இல்லாத செக்‌ஷன் திரைவாசிப்பான் பயனர் நேரடியாகத் தாவிச் செல்லும் அடையாளப் பகுதியாகக் கணக்கில் வராது. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டாலோ, பகுதிவாரியாகத் தாவிச் செல்பவருக்கு அந்தப் பட்டியலே சுமையாகிவிடும்.

கேட்டவர்: பழையநிரல்

இருவருக்கும் நன்றி. பொத்தானும் மெனுவும் தெளிவாகிவிட்டன. தாவல்களுக்கு மட்டும் எச்டிஎம்எல்லில் உறுப்பே இல்லையே, அங்கே ரோலைத் தவிர்க்க முடியாதல்லவா? மேலும், இத்தனை குறைகள் இருந்தும் சோதனைக் கருவி ஏன் வாய்திறக்கவில்லை?

மறுமொழி 3: விசைவழி

கருவி பார்ப்பது குறிநிரலை. ரோலின் பெயர் சரியா, அதற்குத் தேவையான பண்புகள் உள்ளனவா என்பதை அது சொல்லும். விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை அது பெரும்பாலும் அழுத்திப் பார்ப்பதில்லை. விசைப்பலகையால் இயங்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்களான டபிள்யூசிஏஜியின் 2.1.1ஆம் அளவுகோல், பெயர், ரோல், மதிப்பு ஆகியவை 4.1.2. இரண்டுமே அடிப்படையான 'ஏ' நிலையில் இருப்பவை. உங்கள் கருவி இரண்டாவதன் ஒரு பகுதியைத்தான் சோதித்திருக்கிறது.

தாவல்கள் ரோலுக்கு உரிய இடமேதான். சூழும் உறுப்புக்கு 'டேப்லிஸ்ட்', ஒவ்வொரு தாவலுக்கும் 'டேப்', உள்ளடக்கத்துக்கு 'டேப்பேனல்' என அமையும். தேர்ந்தெடுத்த தாவலில் மட்டும் ஏரியா-செலக்டட் 'ட்ரூ' என்றும் டேப்இன்டெக்ஸ் 0 என்றும் இருக்க, மற்றவற்றில் 'ஃபால்ஸ்' என்றும் -1 என்றும் இருக்க வேண்டும். அப்போதுதான் டேப் விசை முழு வரிசையையும் ஒரே நிறுத்தமாகக் கொள்ளும், தாவலுக்குத் தாவல் செல்வதை இட, வல அம்பு விசைகள் செய்யும். அந்த அம்பு விசைகளுக்கான நிரலை நீங்கள்தான் எழுத வேண்டும். ஆனால் 'டேப்' ரோலை டிவ்வுக்குக் கொடுக்காமல் பட்டன் உறுப்புக்குக் கொடுங்கள். என்டரும் ஸ்பேஸும் இலவசமாகக் கிடைக்கும். தாவலின் உள்ளடக்கம் சேவையகத்திலிருந்து தாமதமாக வருவதாக இருந்தால், அம்பு விசை குவியத்தை மட்டும் நகர்த்தட்டும். தாவலைத் திறப்பதை அந்த என்டருக்கும் ஸ்பேஸுக்குமே விட்டுவிடுங்கள்.