மறு: படகு மோட்டார் இரைச்சல் – ‘ஒலியொழிப்பு’ வேண்டாம், ‘ஒலியணை’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

படகு மோட்டாரின் இரைச்சலைக் குறைக்கும் வேலைக்கும் பொருள்களுக்கும் தமிழ்ப்பெயர் தேடி நாலு நாளாக இந்த இழை ஓடுகிறது. இன்று இரவுதான் எல்லா மடல்களையும் உட்கார்ந்து வாசித்தேன். படகு மோட்டார் சத்தத்தோடு அண்மையில் நானே மல்லுக்கட்டியதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மோட்டார் சத்தத்தைக் குறைக்கச் செய்யும் எல்லா வேலைக்கும் சேர்த்து ‘ஒலியொழிப்பு’ என்று வைத்துவிடலாம்.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒழிப்பு என்றால் இல்லாமல் ஆக்குவது. கொசு ஒழிப்பு என்கிறோம், வறுமை ஒழிப்பு என்கிறோம். மோட்டார் ஓடுகிறவரை சத்தம் இருக்கத்தான் செய்யும்; நாம் அதைத் தணிக்கலாம், அவ்வளவுதான். ‘ஒலியொழிப்பு நுரை’ என்று ஒரு பொருளுக்குப் பெயர் எழுதினால், வாங்குகிறவர் அந்தப் பெயரை நம்பித்தான் காசைக் கொடுப்பார். நாங்களும் அப்படித்தான் முதலில் நுரை வாங்கப் போனோம்.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறார். சனிக்கிழமை விடியலில் இங்கே சிங்கப்பூரின் சாங்கிக் கரையிலிருந்து கிளம்பி, புலாவ் உபின் தீவுப் பக்கம் போய்த் தூண்டில் போட்டுவிட்டு வருவார். படகின் பின்னால் வெளியே மாட்டும் ‘அவுட்போர்டு’ வகை, பழைய 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார், இரண்டு உருளை (சிலிண்டர்). அவரோடு ஒருமுறை போய் இறங்கினால் மதியம்வரை காதுக்குள் ரீங்காரம் போகாது. அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தொலைக்காட்சியின் சத்தத்தை வாராவாரம் கூட்டுகிறார் என்று வீட்டில் அண்ணி சொன்ன பிறகுதான் இதை எப்படியாவது சரிசெய்ய வேண்டும் என்று உட்கார்ந்தோம். இங்கே வேலையிடங்களில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்று வரம்பு இருக்கிறது. தன் சொந்தப் படகில் போகிறவருக்கு அதை யார் வந்து அளந்து சொல்வார்கள்?

ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஓர் அங்குல நுரை வாங்கி, மோட்டாரின் மேல்மூடிக்குள் வெட்டி ஒட்டினோம். ‘கிர்’ என்ற மேல்சத்தம் கொஞ்சம் அடங்கியது. அடிவயிற்றில் இடிக்கும் ‘தடதட’ அப்படியே இருந்தது.

ஏன் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50 சுற்று. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் உருளையும் ஒருமுறை வெடிக்கும். இரண்டு உருளைக்கும் சேர்த்து விநாடிக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். நுரை ஓர் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அதன் தடிமன் அலைநீளத்தில் கால்பங்குக்குப் பக்கத்திலாவது வர வேண்டும். இங்கே கால்பங்கு 85 சென்டிமீட்டர்! மோட்டாரின் தலையே அவ்வளவு அகலம் இருக்காது. ஓர் அங்குல நுரையால் அந்த அடிச்சத்தத்தை ஒன்றும் செய்ய முடியாது. காற்று உள்ளே இழுக்கப்படும் சீறல், உலோகம் உலோகத்தில் தட்டும் கிணுகிணுப்பு போன்ற உயர்சுருதிச் சத்தங்களை மட்டும்தான் அது பிடிக்கும்.

அப்புறம் ஒரு நாள் படகு ஓடும்போது, மோட்டாரைக் கவ்வியிருக்கும் பின்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். (மீனவர்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள், அதனால் இதை அமரப்பலகை என்றே எழுதுகிறேன். இதற்கும் ஒரு சொல் கேட்டு யாரோ எழுதியிருந்தீர்கள்.) கை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்வு. அண்ணன் பிளாஸ்டிக் பையில் கட்டி மாட்டியிருந்த கோப்பியின் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன வளையம். மோட்டாரின் சத்தம் காற்று வழியாக மட்டும் வரவில்லை, பலகை வழியாகவும் வந்துகொண்டிருந்தது. மோட்டார் அதிர்கிறது, பலகை அதை வாங்கிக்கொள்கிறது, பலகையிலிருந்து ஃபைபர் உடல் முழுவதும் மிருதங்கத் தோல்போல் ஒலிக்கிறது. மோட்டாரின் நடுத்தண்டுக்கும் பிடிக்கும் இடையில் இருக்க வேண்டிய ரப்பர்கள் கல்லாகி, ஒன்றில் விரிசலே விட்டிருந்தது. மேல்மூடி வந்து உட்காரும் விளிம்பு ரப்பரும் ஒரு பக்கம் நைந்துபோய், உள்ளே இருந்து பார்த்தால் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் வருகிற இடைவெளியில் சத்தம் தாராளமாகப் போகும்.

ரப்பர்களை மாற்றினோம். விளிம்புக்குப் புது ரப்பர் போட்டோம். நுரையைப் பிரித்து எறிந்துவிட்டு, கனமான ரப்பர் தகடு ஒன்றும் அதன்மேல் மெல்லிய தோல் போர்த்த நுரையும் ஒட்டினோம். இப்போது படகில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கத்தாமல் கேட்கிறது. மோட்டார் என்னமோ அதே மோட்டார்தான்.

வீட்டில் செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. மூடியில் காற்று நுழையும் வாயை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். எஞ்சின் மூச்சு விடுவது அந்த வழியாகத்தான். தோல் இல்லாத திறந்த நுரையை எஞ்சின் பக்கத்தில் ஒட்டாதீர்கள். பெட்ரோலைக் குடித்து வைத்துக்கொள்ளும், தீப்பிடித்தால் அவ்வளவுதான். அமரப்பலகைக்கும் பிடிக்கும் நடுவில் மெத்தென்ற ரப்பரைச் செருகுகிறவர்களும் உண்டு. ரப்பர் அமுங்க அமுங்கத் திருகு தளர்ந்து, மோட்டாரே கடலுக்குள் போய்விடலாம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> ‘ஒலியடக்கி’ ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா?

சைலன்சருக்கு அது பொருத்தம். புகை வெளியேறும் பாதையில் உட்கார்ந்து, வெடிப்பின் அழுத்தத்தை அடக்குகிற பொருள் அது. ஆனால் இந்த மோட்டார்களில் அந்த வேலையில் பெரும்பங்கைத் தண்ணீரே செய்துவிடுகிறது. பெரும்பாலான மாடல்களில் புகை தண்டு வழியாகக் கீழே இறங்கி, சுழலியின் (புரொப்பெல்லர்) குடத்துக்கு நடுவே தண்ணீருக்குள் போய்விடும். மெதுவாக ஓடும்போது மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் வெளியே வரும். படகு நின்றபடி ஓடும்போது கேட்கும் ‘பொளபொள’ அதுதான். ஆக, நமக்குச் சொல் இல்லாமல் தவிப்பது சைலன்சருக்காக இல்லை. மூடிக்குள் ஒட்டும் அந்த விரிப்புக்கும், அதிர்வைத் தாங்கும் அந்த ரப்பருக்கும்தான்.

இங்கே சிங்கப்பூர்ப் பட்டறைகளில் ‘ஃபோம்’, ‘மவுண்ட் ரப்பர்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. பேச்சுக்கு அது போதும். கையேடு எழுதும்போது போதாது. எல்லா ஃபோமும் இந்த வேலையைச் செய்யாது என்பதை மேலே சொன்ன கதையிலேயே பார்த்தோம்.

என் முன்மொழிவு: ஒலியணை. ரப்பருக்கு அதிர்வணை.

அணை என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள் இருக்கிறது. தலையணை, பஞ்சணை என்னும்போது மெத்தை. மேட்டூர் அணை, வைகை அணை என்னும்போது தடுப்பு. விளக்கை அணை, அடுப்பை அணை என்னும்போது அவிப்பது. நல்ல ஒலிவிரிப்பு செய்யும் மூன்று வேலையும் இவைதான். கனத்த தகடு ஒலியைத் தடுத்து நிறுத்துகிறது. கனம் இரட்டிப்பானால் தடுப்பு ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும். நுரை மெத்தையாக இருக்கிறது. அந்த நுரையின் நுண்துளைகளுக்குள் காற்று உரசி உரசி, ஒலியின் ஆற்றல் இளஞ்சூடாக மாறி அவிந்துபோகிறது. தடுப்பு இல்லாத வெறும் மெத்தையை வாங்கி ஒட்டியதுதான் நாங்கள் முதலில் செய்த பிழை. ‘ஒலியணை’ என்ற சொல் அன்றைக்குக் கையில் இருந்திருந்தால், “இதில் அணை எங்கே?” என்று கடையிலேயே கேட்டிருப்போம்.

ஒரு பெயரைப் பார்த்ததும் அந்தப் பொருளின் வேலையோ வடிவமோ மனதில் வந்து நிற்க வேண்டும். தமிழ்நாட்டுக் கரையில் கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டும் அமைப்புக்குத் தூண்டில் வளைவு என்று பெயர் வைத்தார்களே, அப்படி ஒரு சொல் கிடைத்தால் விளக்கவுரையே தேவைப்படாது. ஒலியணை அந்த உயரத்துக்கு வராது என்று எனக்கே தெரிகிறது, ஆனாலும் திசை அதுதான்.

> அணைப்பு என்றால் தழுவல் என்றும் பொருள் வருமே? குழப்பம் ஆகாதா?

நியாயமான கேள்வி. வினையாக்கி ‘ஒலியணைப்பு’ என்று எழுதினால் குழப்பம் வரும், நானே அதைத் தவிர்ப்பேன். பொருளின் பெயராக ‘ஒலியணை’ மட்டும் இருக்கட்டும். செயலுக்கு ‘இரைச்சல் தணிப்பு’ போதும். தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, கோபம் தணிகிறது. இருந்தது இறங்கி வருகிறது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு இறங்கியது என்ற கேள்விக்கும் அது இடம் கொடுக்கிறது. இரண்டு இடங்களிலிருந்து ஒரே அளவு சத்தம் வந்தால், ஒன்றை முழுக்க நிறுத்தினாலும் 3 டெசிபெல்தான் தணியும். காதுக்குப் பாதியாகத் தெரிய 10 டெசிபெல் அளவுக்கு இறங்க வேண்டும். அதனால்தான் எது பெரிய சத்தம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

‘சத்தத் தணிப்பு’, ‘ஒலித் தணிப்பு’ இரண்டையும் விட்டு ‘இரைச்சல்’ என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒலி பொதுச்சொல், நாதசுரமும் ஒலிதான். வேண்டாத ஒலிக்குத்தான் இரைச்சல் என்று பெயர்.

‘அவுட்போர்டு’ மோட்டாரின் பெயர் பற்றியும் ஒரு வரி. தமிழ்நாட்டில் ‘வெளிப்பொருத்தும் இயந்திரம்’, இலங்கையில் ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஏற்கெனவே வழக்கில் உள்ள பெயர்கள், இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. மூன்றாவதாக ஒன்றைச் சிங்கப்பூரிலிருந்து நாம் கிளப்ப வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

> எல்லாம் மின்மோட்டார் ஆகப்போகிறது, இந்தச் சொல்லெல்லாம் எதற்கு?

இங்கே 2030 முதல் புதிதாக வரும் துறைமுகப் படகுகள் முழுக்க மின்சாரத்தில் ஓட வேண்டும், அல்லது உயிரி எரிபொருள், நிகர சுழியக் கரிம எரிபொருள் ஆகியவற்றுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று கடல்துறை, துறைமுக ஆணையம் சொல்லியிருக்கிறது. அண்ணனுடையதைப் போன்ற பழைய படகுகள் ‘புதிதாக வரும்’ என்ற அந்தக் கணக்கில் வராது. மின்மோட்டாரிலும் பல்சக்கரம் கீச்சிடும், சுழலி அதிரும். வெடிப்புச் சத்தம் போனபின் அந்தக் கீச்சு இன்னும் தெளிவாகக் கேட்கும். அதிர்வணைக்கு அப்போதும் வேலை இருக்கும்.

சொற்பட்டியலில் சேர்க்க நான் கேட்பவை: ஒலியணை, அதிர்வணை, இரைச்சல் தணிப்பு, அமரப்பலகை. ஒலியடக்கி இருந்தபடி சைலன்சருக்கே இருக்கட்டும்.

ஒரு கோரிக்கை. இராமேசுவரம், நாகப்பட்டினம், பருத்தித்துறைப் பக்கத்து நண்பர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். மோட்டாரின் தண்டுக்கும் பிடிக்கும் இடையில் வரும் ரப்பரை உங்கள் ஊர் மெக்கானிக் என்ன சொல்லிக் கேட்கிறார் என்று விசாரித்து எழுதுங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு தமிழ்ச்சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம், அதிர்வணையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து