பழைய பாஞ்சோ-மாண்டலினுக்குத் தோலா, மைலாரா?

தோல்கட்டி:
நேற்று மேடைக்காரன் எழுதியிருந்தார்: "1920களில் செய்த பாஞ்சோ-மாண்டலினில் இன்னும் கன்றுத்தோல் வைத்திருப்பது வெறும் பிடிவாதம். மைலார் என்ற பிளாஸ்டிக் படலம் வாங்கி மாட்டினால் அரை மணி நேர வேலை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பாஞ்சோவின் தோல் கட்டிய வட்ட உடலும் மாண்டலினின் கழுத்தும் கம்பியும் சேர்ந்த கருவி அது. அரை மணி நேரமா? என் மேசையில் இப்போது ஒரு பழைய பாஸ்டன் வேகா கம்பெனிக் கருவி கழற்றிக் கிடக்கிறது. அதன் ரிம், அதாவது தோல் உட்காரும் மர வட்டம், ஒரு பக்கம் சரியாக 10 அங்குலம். குறுக்கே திருப்பி அளந்தால் 3/32 அங்குலம் குறைகிறது. மைலாரோடு வரும் உலோக வளையம் வளையாது, நசுங்காது. ஒரு பக்கம் இறுக்கிப் பிடிக்கும், மறுபக்கம் இடைவெளி விடும். இதை எப்படி அரை மணியில் மாட்டுவீர்கள்?

மேடைக்காரன்:
நான் பத்து வருடமாக மேடையில் வாசிக்கிறவன். மேசையில் கழற்றிப் போட்டுப் பார்க்கிறவனில்லை. போன ஐப்பசியில் திறந்தவெளிக் கல்யாணக் கச்சேரி. மாலை மழைக்காற்று வந்ததும் தோல் தொய்ந்தது, அதன்மேல் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் இறங்கியது, கம்பிகள் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் உரசின. எட்டுக் கம்பியையும் ஏற்றிச் சுருதி சேர்ப்பதற்குள் மறுபடி இறங்கிவிட்டது. அடுத்த வாரம் ஏசி அரங்கில் நேர்மாறு, தோல் காய்ந்து இறுகி எல்லாக் கம்பியும் மேலே போய்விட்டது. மைலார் போட்ட பிறகு இந்தத் தொல்லையே இல்லை. 3/32 எல்லாம் ஒரு கணக்கா?

தோல்கட்டி:
3/32 கணக்கில்லை என்கிறவரிடம் பழைய கருவியைக் கொடுக்கவே கூடாது. கச்சேரியில் கை கொடுக்கவில்லை என்றால் தோல் கட்டிய விதம் தப்பு. எப்படிக் கட்டுவது என்று எழுதுகிறேன், தெரிந்துகொள்ளுங்கள்.

தோலைத் துணி மாதிரி துவளும் வரை தண்ணீரில் ஊறவிட வேண்டும். ரிம்மில் விரித்து, கம்பி வளையத்தை மேலே வைத்து, தோலின் ஓரத்தை அந்த வளையத்தைச் சுற்றி மேலே மடக்கி, அதன்மேல் வெளி வளையத்தை இறக்க வேண்டும். வெளி வளையத்தை இறுக்கும் நட்டுகளை எதிரெதிராகக் கால் சுற்று, கால் சுற்று என்று முடுக்க வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் சுருக்கம் விழும், அது பிறகு போகாது. அப்புறம் நிழலில் இரண்டு நாள் காய வேண்டும். விசிறிக்குக் கீழேயும் வைக்கக் கூடாது. காய்ந்த பிறகுதான் ஓரத்தை வெட்டி, முழு இறுக்கத்துக்கு முடுக்குவது. ஈரத்தில் கட்டுவதால் தோல் அந்த ரிம்முக்கென்றே உருவெடுக்கும், ரிம் வட்டமாக இல்லாவிட்டாலும் கவலையில்லை. மைலார் இதைச் செய்யுமா? 1950களின் கடைசியில்தான் அது கடைக்கே வந்தது. இந்தக் கருவியைச் செய்தவர் தோலை மனசில் வைத்துத்தான் ரிம்மைச் செய்தார்.

சுருதிசுத்தம்:
நண்பர்களே, ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோமா? பழுதுபார்ப்பது, பழைய நிலைக்கு மீட்பது, மேம்படுத்துவது மூன்றும் வேறு வேறு. நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்? அதோடு, ஒற்றைக் கம்பி நான்கு என்றால் பாஞ்சோலின், ஜோடிக் கம்பி எட்டு என்றால்தான் பாஞ்சோ-மாண்டலின்.

மேடைக்காரன்:
அதெல்லாம் அப்புறம். 10 அங்குல ரிம்மில் 3/32 என்று எதை வைத்து அளந்தீர்கள், தோல்கட்டி? ஸ்கேலா?

தோல்கட்டி:
வெர்னியர்.

மேடைக்காரன்:
சாதாரண வெர்னியர் 6 அங்குலம்தானே? 10 அங்குலத்தை எங்கிருந்து அளந்தீர்கள்?

தோல்கட்டி:
என்னிடம் 12 அங்குல வெர்னியர் இருக்கிறது. கருவி பழுதுபார்க்கிறவன் வீட்டில் இருக்க வேண்டியது. 3/32. நான்கு இடத்தில் அளந்தேன்.

மேடைக்காரன்:
சரி, 3/32 என்றே வைத்துக்கொள்வோம். பழைய பாஞ்சோவுக்கு மைலார் 1/16 அங்குலப் படிகளில் கிடைக்கிறது. ஒரு படி பெரிதாக வாங்கினால் போச்சு. இல்லையென்றால் ரிம்மின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்தால் வட்டமாகிவிடும்.

தோல்கட்டி:
நூறு வயது ரிம்மை உப்புத்தாளால் தேய்ப்பீர்களா! இதற்குப் பெயர் மேம்படுத்துவதா? அளவு பெரிதானால் வடிவம் மாறுமா? நீள்வட்டத்தின் மேல் பெரிய வட்டத்தைக் கவிழ்த்தால் இடைவெளிதான் கூடும். போன வருடமும் இப்படித்தான். 1917ஆம் வருட கிப்சன் ஏ-மாடல் மாண்டலினில் புது கீ (கம்பியை முடுக்கும் திருகு) மாட்டுகிறேன் என்று தலையில் எட்டுத் துளையையும் அகலப்படுத்திப் படம் போட்டீர்கள். கீயின் பல்லுக்குக் கொஞ்சம் எண்ணெய், கழுத்து உச்சியில் கம்பி உட்காரும் பள்ளத்தில் கொஞ்சம் பென்சில் கரி, இவ்வளவு போதும் என்று அன்றைக்கே சொன்னேன். கேட்கவில்லை. அந்தத் துளைகளை இனி யாராலும் பழையபடி ஆக்க முடியாது.

மேடைக்காரன்:
அந்த கீ மூன்று சுற்றுக்கு ஒரு தடவை நழுவியது. எண்ணெய் ஊற்றி அலுத்துப்போய்த்தான் மாற்றினேன். என் கருவி, என் காசு.

வச்சிரம்:
தோல்கட்டி அண்ணா, ரிம் கோணியதற்குக் காரணம் ஒட்டு விட்டதாக இருக்கலாம். அடுக்கு அடுக்காக வளைத்து ஒட்டிய மரம் அது. பழைய வச்சிரம் (விலங்குத் தோல் காய்ச்சிய பசை) என்றால் சூடும் ஈரமும் காட்டினால் இளகும், திருப்பிச் சேர்க்கலாம். வெள்ளைப் பசையை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள். பிறகு வச்சிரம் அங்கே பிடிக்கவே பிடிக்காது.

மேடைக்காரன்:
வெள்ளைப் பசை மரத்தைவிட வலுவாகப் பிடிக்கிறது. 60 டிகிரியில் வச்சிரம் காய்ச்சி, நாற்றம் பிடித்து... யாருக்கு நேரம்?

வச்சிரம்:
மரத்தைவிட வலுவாக இருப்பதுதான் ஆபத்து. அடுத்த தடவை ஒட்டு விடாது, மரம் கிழியும். பசை பிடிக்க வேண்டியது பிடிக்க வேண்டும், விட வேண்டிய நாளில் விடவும் வேண்டும்.

ஏழாம்ஃப்ரெட்:
மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கருவியில் தோலும் இல்லை, மைலாரும் இல்லை. கர்நாடக சங்கீதத்தையே வாசித்துக் காட்டினாரே!

தோல்கட்டி:
அவர் வாசித்தது மின் மாண்டலின், ஒற்றைக் கம்பி ஐந்து. இந்த விவாதத்துக்கு அதை இழுக்காதீர்கள். தோலைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றால் கஞ்சிராவைப் பேசுங்கள். வித்வான் தண்ணீர் தடவி நாதத்தைக் கீழே கொண்டுவருகிறார். பறை தொய்ந்தால் தீயில் காய்ச்சுகிறார்கள். ஈரத்தோடும் வெயிலோடும் தோலைப் பழக்குவது நம் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. மழைக்காலத்தில் நட்டைக் கொஞ்சம் முடுக்கு, கோடை வருவதற்கு முன்னால் தளர்த்து. தளர்த்த மறந்தால் தோல் கிழியும், அதற்குக் குற்றம் தோல்மேல் இல்லை.

மேடைக்காரன்:
பறையும் இன்று பல ஊரில் ஃபைபர்தான். போய்ப் பாருங்கள். கஞ்சிராவில் எட்டுக் கம்பியும் இல்லை, பிரிட்ஜும் இல்லை. நாதம் இறங்கினால் இறங்கட்டும் என்று இருக்கலாம்.

ஏழாம்ஃப்ரெட்:
எட்டுக் கம்பி என்றதும் ஞாபகம் வந்தது. இ கம்பிக்கு 0.011 அங்குலத் தடிமன் போடலாமா?

தோல்கட்டி:
வேண்டவே வேண்டாம். 13⅞ அங்குலக் கம்பி நீளத்தில் 0.011 போட்டால் இ கம்பி ஒன்றுக்கு 23 பவுண்டு இழுவை, 0.010 போட்டால் 19தான். அந்த கனமான செட் எட்டும் சேர்ந்தால் 180 பவுண்டுக்குப் பக்கம். பழைய கழுத்தில் இரும்புத் தண்டு கிடையாது, வில்லாக வளையும். பிரிட்ஜ் அழுத்தி மைலாரே குழிந்துவிடும். மேடைக்காரன் சத்தத்துக்காக 0.011தான் போட்டிருப்பார்.

மேடைக்காரன்:
போட்டிருக்கிறேன். கழுத்து நேராகத்தான் இருக்கிறது. நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தேன்.

தோல்கட்டி:
படம் போடுங்கள்.

மேடைக்காரன்:
முதலில் உங்கள் 3/32-க்குப் படம் போடுங்கள்.

சுருதிசுத்தம்:
இன்னும் யாரும் சொல்லவில்லை. மீட்பதா, மேம்படுத்துவதா?

தோல்கட்டி:
இன்று காலை எழுந்ததும் வெர்னியரை எடுத்து மறுபடி அளந்தேன். கழுத்து சேரும் இடத்திலிருந்து கம்பி கட்டும் டெயில்பீஸ் வரை 10 அங்குலம். குறுக்கே 3/32 குறைவு. நேற்று எத்தனையோ இன்றும் அத்தனைதான். நனைத்த தோல் பக்கத்திலேயே இருக்கிறது, இன்றைக்கே கட்டப் போகிறேன்.

மேடைக்காரன்:
மழை பெய்த மறுநாள் காலையில் அளந்திருக்கிறீர்கள். மரம் ஈரம் குடித்திருக்கும். சித்திரை வெயிலில் அளந்துவிட்டு வாருங்கள்.