தொழுகையில் மனம் நிற்கவில்லை, ரக்அத்தும் தடுமாறுகிறது

பள்ளப்பட்டியான்:
அஸ்ஸலாமு அலைக்கும். லுஹரும் (மதியத் தொழுகை) அஸரும் (மாலைத் தொழுகை) ஆபீஸில்தான் தொழுகிறேன். தக்பீர் கட்டியதும் (தொழுகையைத் தொடங்கியதும்) மெயில், மீட்டிங், பாக்கி வேலை எல்லாம் வரிசை கட்டி வருகின்றன. மூணா நாலா என்று ரக்அத்தும் (தொழுகையின் ஒரு சுற்று) குழம்புகிறது. திருப்பித் தொழணுமா? கண்ணை மூடிக்கொண்டால் சரியாகுமா?

காயல் வாசகன்:
வஅலைக்கு முஸ்ஸலாம் பாய். திருப்ப வேண்டாம். ஷர்த்தும் (முன் நிபந்தனைகள்) ருக்னும் (கட்டாய அங்கங்கள்) சரியாக இருந்தால் கவனம் சிதறினாலும் தொழுகை கூடிவிடும், குறைவது நன்மை. தொழுது முடிப்பவருக்குப் பத்தில் ஒன்று, ஒன்பதில் ஒன்று என்று பாதி வரை எழுதப்படுவதாக அபூதாவூத் தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது.

கோளாறு பெரும்பாலும் தக்பீருக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. டைப் அடித்த கையோடு எழுந்து, ஒளுவின் (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது) ஈரம் காயுமுன் தக்பீர் கட்டினால், பாதியில் விட்ட வேலையை மனசு தொழுகைக்குள் முடிக்கப் பார்க்கும். எழும் முன் அடுத்த வேலையை ஒரு சீட்டில் குறித்து வைத்துவிடுங்கள். உணவு முன்னால் இருக்கும்போதும், மலஜலத்தை அடக்கிக்கொண்டும் தொழுகை இல்லை என்பது 'முஸ்லிம்' என்ற தொகுப்பில் உள்ள ஹதீஸ். பசியோடு இருந்தால், வக்து (தொழுகை நேரம்) மீதி இருக்கும் பட்சத்தில் சாப்பிட்டுவிட்டே தொழுங்கள். போனைச் சட்டைப் பையில் வைப்ரேஷனில் வைக்காதீர்கள்; மேஜையிலேயே கிடக்கட்டும்.

சுவரை நோக்கி, அதிலிருந்து சுமார் மூன்று முழம் தள்ளி நில்லுங்கள். முஸல்லா (தொழுகை விரிப்பு) சாதாவாக இருக்கட்டும். வேலைப்பாடுள்ள ஒரு போர்வை தொழுகையில் கவனத்தைத் திருப்பியதால், நபி (ஸல்) அதை அபூ ஜஹ்ம் என்ற தோழரிடம் கொடுத்தனுப்பி, அவருடைய சாதாப் போர்வையை வாங்கிவரச் சொன்னார்கள் (புகாரி ஹதீஸ் தொகுப்பு). மினாரா படம் போட்ட முஸல்லா என்றால் திருப்பிப் போட்டால் போதும்.

இனி ஃபாத்திஹா, அதாவது ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் குர்ஆனின் முதல் சூரா (அத்தியாயம்). ஏழு ஆயத்துக்கும் (வசனம்) ஏழு இடத்தில் நிறுத்துங்கள். 'அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்' என்றதும் 'என் அடியான் என்னைப் புகழ்ந்தான்' என்று அல்லாஹ் சொல்வதாக முஸ்லிமில் வருகிறது. ஒரே மூச்சில் ஓதினால் அந்தப் பதிலுக்கு எங்கே இடம்? அடுத்தது, எந்நேரமும் இக்லாஸ், கவ்ஸர் என்ற சின்ன சூராக்களையே ஓதினால் நாக்கு தானாக ஓடும், மனசு வேறெங்கோ போகும். புதிதாக ஒரு சின்ன சூராவை அர்த்தத்தோடு மனனம் செய்யுங்கள். முதல் ரக்அத்தில் ஃபீல், இரண்டாவதில் குறைஷ் என்று நிலையாக வைத்துக்கொண்டால் எத்தனையாவது என்பதும் தெரியும்.

ருகூவில் (குனிந்து நிற்கும் நிலை) முதுகு அசையாமல் நின்ற பிறகு தஸ்பீஹைத் (இறைத் துதி) தொடங்குங்கள். குனியும்போதே தொடங்கினால் மூன்றாவது தஸ்பீஹ் எழும்போதுதான் முடியும்.

உம்மு மர்யம்:
ரக்அத் சந்தேகத்துக்கு மத்ஹபைப் (சட்டப் பள்ளி) பார்க்க வேண்டும். ஷாஃபியில், மூணா நாலா என்றால் மூணு என்று வைத்து, இன்னொன்று தொழுது, ஸலாமுக்கு (தொழுகையை முடிப்பது) முன் இரண்டு சஜ்தா (நெற்றியைத் தரையில் வைப்பது). ஹனஃபியில், அடிக்கடி சந்தேகம் வருபவர் மனம் எந்தப் பக்கம் வலுவாகச் சாய்கிறதோ அதை எடுப்பார். எந்தப் பக்கமும் சாயாவிட்டால்தான் குறைந்த எண்ணிக்கை. அப்போது கடைசியாக இருக்கக்கூடிய ஒவ்வொரு ரக்அத்திலும் உட்கார வேண்டும். சஜ்தா, வலப்பக்கம் ஒரு ஸலாம் கொடுத்த பிறகு. அதன்பின் மறுபடி அத்தஹிய்யாத் (உட்கார்ந்து ஓதுவது). தொழுது முடித்த பிறகு வருகிற வெறும் சந்தேகத்தை விட்டுவிடுங்கள், பாய். அதைப் பிடித்துக்கொண்டால் வஸ்வாஸ் (ஓயாத வீண் சந்தேகம்) வளரும்.

தென்காசி பாய்:
கண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பார்வை சஜ்தா இடத்தில் இருக்கட்டும். காரணமில்லாமல் மூடுவது ஹனஃபியில் மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). எதிரே கவனத்தைக் கலைக்கிற ஏதாவது இருந்து, இடம் மாறவும் வழியில்லை என்றால் மூடிக்கொள்ளலாம். ஆனால் மூடிய கண்ணுக்குள் ஆபீஸ் இன்னும் தெளிவாகத் தெரியும், கவனம்.

எண்ணம் அளவு மீறினால் அஊது (ஷைத்தானிடமிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும் வார்த்தை) சொல்லி, இடப்பக்கம் மூன்று முறை எச்சில் தெறிக்காமல் லேசாக ஊதுங்கள். உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) இதே தொல்லையை முறையிட்டபோது நபி (ஸல்) கற்றுக்கொடுத்தது இது.

ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகை) போன் அடித்துவிட்டால், கடைசி வரை அலறவிட்டு முழு ஸஃப்பையும் (வரிசை) கலைக்காதீர்கள். ஒரே கையால் பையின் மேலிருந்தே பட்டனை அழுத்துங்கள். வெளியே எடுத்து யார் என்று பார்ப்பதுதான் கூடாது.