தெம்போயாக்கில் சாராய வாடை ஏன்?

கேள்வி: மலேசியாவில், எங்க சுங்கை சிப்புட்டில் டுரியான் சீசன். மிஞ்சின பழத்தில் தெம்போயாக் (உப்புப் போட்டுப் புளிக்க வைக்கிற டுரியான் சுளை) போட்டா, புளிக்காம சாராய வாடை அடிக்குது. எதனால?

பதில்: உப்பு குறைவு, காற்று அதிகம், புளிப்பு ஏத்துற பாக்டீரியாவை ஈஸ்ட் முந்திக்கும். ஒரு கிலோ சுளைக்கு 25 கிராம் உப்பு. கொட்டை நீக்கி, ஈரமில்லாத கண்ணாடிப் போத்தல்ல அழுத்தி நிரப்புங்க. வாயு கிளம்பும், மேலே இரண்டு விரல் இடம் விடணும். 3 முதல் 5 நாள் வெளியே, பிறகு ஐஸ் பெட்டி.

பதில்: உப்பைக் கண்டபடி கூட்டிடாதீங்க, புளிப்பே ஏறாது. குழைஞ்ச கம்பத்து (நாட்டு) டுரியானே போதும். விலை கூடின மூசாங் கிங் ரக டுரியானை இதுல போடுறது பாவம். பூசணம் பிடிச்சா மொத்தத்தையும் கொட்டிடுங்க.

பதில்: புதுசா சாப்பிடுறவங்களுக்குப் பச்சையா வைக்காதீங்க. பகாங் மாநிலத்துத் தெமர்லோ பக்கம் மாதிரி பத்தின் மீன் (ஆத்துக் கெளுத்தி வகை), இடிச்ச சில்லி பாடி (சின்னக் கார மிளகாய்), பச்சை மஞ்சள், கெசும் இலை (லக்சாவுக்குப் போடுற வாசனை இலை) போட்டுக் கொதிக்க விடுங்க. வாடை அடங்கும்.