தென்னந்தோப்பைக் கடக்கும் வைஃபை இணைப்பு: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டிலிருந்து 180 மீட்டர் தொலைவில், தென்னந்தோப்புக்கு அப்பால் இருக்கும் கிடங்குக்கு இணையத்தைக் கொண்டுசெல்ல, இரண்டு மொட்டைமாடிகளிலும் 5 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாக்களை எதிரெதிராகப் பொருத்தியிருக்கிறேன். ஈத்தர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர்தான் வரம்பு என்பதால் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

காலையில் காற்று அடங்கியிருக்கும்போது சிக்னல் மைனஸ் 58 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) அளவில் நிலையாக இருக்கிறது. பிற்பகலில் மட்டைகள் ஆடத் தொடங்கியதும் மைனஸ் 79 வரை சரிந்து, கேமராவில் படம் உறைந்துவிடுகிறது. மழையில் ஓலை நனைந்துவிட்டால் இணைப்பே அறுந்துபோகிறது. மாடியில் நின்று பார்த்தால் எதிர் ஆன்டெனா தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பார்வைக் கோட்டைச் சுற்றி, நடுவழியில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள ஃபிரெனல் மண்டலமும் (ரேடியோ அலைகள் பரவிச் செல்லும் வெளி) பெரும்பாலும் தடையின்றி இருக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். சரியாக அங்கேதான் இரண்டு மரங்கள் நிற்கின்றன. காய்க்கும் மரத்தை வெட்ட அப்பா சம்மதிக்க மாட்டார், எனக்கும் மனமில்லை.

சேனலை மாற்றியும், அதன் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20 ஆகக் குறைத்தும் பார்த்ததில் சிறிதளவே பலன் கிடைத்தது.

இருபுறமும் கம்பத்தை மூன்று மீட்டர் உயர்த்தினால் போதுமா, அல்லது காற்றில் கம்பமே ஆடிப் புதிய தொல்லையாகுமா? குழாய் புதைத்து ஆப்டிகல் ஃபைபர் இழுப்பதே மேலா? தோப்புகளுக்கு இடையே இத்தகைய இணைப்பு அமைத்தவர்கள் தங்கள் அனுபவத்தைக் கூறினால் பேருதவியாக இருக்கும்.