பிளேசர் படிவு: ‘கொழிபடிவு’ எனலாமா?

வணக்கம்.

இரத்தினக்கற்கள் பற்றிய சொற்பட்டியலில் ‘பிளேசர்’ என்ற இடத்தில் நின்றுபோனோம். ‘வண்டற்படிவு’, ‘ஒதுக்குப்படிவு’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

வண்டல் என்பது ஆறு ஓட்டம் தளர்ந்தபின் கடைசியாக இறக்கிவிடும் மென்சேறு. பிளேசர் அதற்கு நேர் எதிர். பாறை சிதைந்து உருண்டு வந்த கலவையில் இலேசானதையெல்லாம் நீர் இழுத்துக்கொண்டு போக, அசையாமல் தங்கிவிட்ட கனத்த மணிகளின் திரட்சி அது. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி (நீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்ற அளவு) 2.65. மாணிக்கமும் நீலமும் அடங்கும் குருந்தத்துக்கு 4. தங்கத்துக்கு 19.3. (குருந்தம் ஆங்கிலமே நம்மிடம் வாங்கிக்கொண்ட சொல். அதை விட்டுவிட்டு ‘கொரண்டம்’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்துவோம்.) இந்தக் கன வேறுபாடுதான் பிளேசரின் உயிர். வண்டல் என்று பெயர் வைத்தால் மாணவர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ‘ஒதுக்கு’ அவ்வளவு மோசமில்லை. ஆனால் வெள்ளத்தில் கரையொதுங்கிய கட்டையும் ஒதுக்குதானே? தரம் பிரிந்தது என்ற செய்தி அதில் இல்லை.

நம்மிடம் இதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: கொழித்தல். முறத்தைத் தூக்கிப் போட்டு உமி பறக்கவிடுவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துக் கல்லையும் குருணையையும் தானியத்திலிருந்து பிரிப்பது கொழித்தல். ஆறும் அலையும் மணலையும் மணியையும் கொண்டுவந்து கரையில் சேர்ப்பதற்கும் இதே வினைதான். ஆறு பொன் கொழிக்கிறது என்று பாடியவர்கள் முறத்தில் நடப்பதையும் ஆற்றில் நடப்பதையும் ஒரே சொல்லால் கண்டிருக்கிறார்கள். ஆகவே என் பரிந்துரை ‘கொழிபடிவு’.

இலங்கையின் இரத்தினபுரியில், கல் தோண்டும் குழிகளில் இது கண்ணெதிரே நடக்கிறது. குழியிலிருந்து ஏற்றிய சரளையைப் பிரம்புக் கூடையில் இட்டு, நீருக்குள் வைத்துச் சுழற்றுகிறார்கள். சேறும் இலேசான மணலும் விளிம்பு தாண்டி வழிந்துவிட, கனமான கற்கள் அடியில் தங்குகின்றன. ஆறு நெடுங்காலம் செய்த வேலையைச் சில நிமிடங்களில் மறுபடி செய்து முடிக்கிறார்கள். அந்தக் கூடைக்குச் சிங்களத்தில் ‘வட்டி’ என்று பெயர். கூடை என்ற பொருளில் ‘வட்டி’ நம் பழந்தமிழிலும் உண்டு. கடன் வட்டியை மட்டும் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இந்தச் செயலை ‘கொழித்தெடுத்தல்’ என்றே சொல்லிவிடலாம்.

அங்கே கல் பொதிந்த சரளை அடுக்கை ‘இல்லம’ என்கிறார்கள். தமிழில் ‘இல்லம்’ என்று எழுதினால் வீடாகிவிடும். அதற்கு ‘மணிப்பரல்’ என்று வைக்கலாம். பருக்கைக்கல்லும் பரல்தான், கண்ணகியின் சிலம்புக்குள் இருந்த மாணிக்கமும் பரல்தான். கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக மணி கிடக்கும் அடுக்குக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை.

மணவாளக்குறிச்சிக் கருமணலும் கொழிபடிவுதான். அங்கே முறம் பிடித்தது அலை. இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் எல்லாம் அப்படிச் சேர்ந்தவை. ஆக, ஆற்றுக் கொழிபடிவு, கடற்கரைக் கொழிபடிவு என்று வகை பிரிக்கலாம். காற்று சேர்த்த தேரி மணலுக்கு மட்டும் ‘தூற்றுபடிவு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. களத்தில் காற்று செய்யும் வேலை தூற்றல்தானே?

எல்லை ஒன்றையும் குறித்துவிடுகிறேன். காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் குடும்பத்துப் பெரில் பெக்மடைட் பாறைக்குள் விளைந்தது. அங்கே வெட்டப்பட்ட பழைய குழி பாறைச் சுரங்கமே. அதைக் கொழிபடிவு என்று எழுதக் கூடாது.

‘படிவு எப்படிக் கொழிக்கும்?’ என்று கேள்வி வரலாம். குடிநீர் எதையும் குடிப்பதில்லை, நாம்தான் குடிக்கிறோம். அதே வினைத்தொகைதான் இதுவும். வல்லெழுத்து மிகாது. ‘கொழிப்படிவு’ என்று எழுதிவிட வேண்டாம்.

மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். ஞாயிறு வரை பார்த்துவிட்டு நான்கு சொற்களையும் (கொழிபடிவு, கொழித்தெடுத்தல், மணிப்பரல், தூற்றுபடிவு) பட்டியலில் சேர்க்கிறேன்.