ரோஹின்டன் மிஸ்ட்ரியை கனடா லிஸ்ட்ல இருந்து தூக்க நீங்க யாரு?

கோடைமழை:
கனடா எழுத்தாளர்கள்ல எனக்குப் பிடிச்சவங்கன்னு நேத்து ஒரு லிஸ்ட் போட்டேன். மன்றோ, ஆட்வுட், ஒண்டாச்சி, கரோல் ஷீல்ட்ஸ், மிஸ்ட்ரி. பழைய_பேப்பர் சார் வந்து "மிஸ்ட்ரி எதுக்கு இதுல, மூணு நாவலும் பம்பாய்ல நடக்குது, பாஸ்போர்ட் மட்டும்தான் கனடா"ன்னு ஒரே வரில முடிச்சுட்டுப் போயிட்டார். ராத்திரி பூரா எரிச்சல் அடங்கல, அதான் தனித் திரி. சார், அந்த மனுஷன் 1975ல 23 வயசுல டொராண்டோ போனவர், அங்க பேங்க்ல வேலை பாத்துக்கிட்டே யூனிவர்சிட்டில படிச்சு, அங்க உக்காந்துதான் எழுதவே ஆரம்பிச்சார். 1991ல கவர்னர் ஜெனரல் விருது, 1995ல கில்லர் பரிசு, ரெண்டும் கனடாக்காரங்க கொடுத்தது. கொடுத்தவங்களுக்கு இல்லாத சந்தேகம் உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு? இன்னொண்ணு, அந்த மூணு நாவல்ல ஒண்ணான எ ஃபைன் பேலன்ஸ்ல கதை நடக்கற ஊருக்குப் பேரே கிடையாது. கடலோர நகரம், அவ்வளவுதான். படிச்சுட்டுதான் மூணும் பம்பாய்னு சொன்னீங்களா?

பழைய_பேப்பர்:
நான் பம்பாய் மாட்டுங்கால பொறந்து வளந்தவன் மேடம். லோக்கல் ட்ரெயின், கடல், புல்டோசர் வச்சு குடிசைய இடிக்கறது, பிச்சைக்காரங்கள லாரில அள்ளிட்டுப் போறது, வாடகைக்காரங்கள துரத்தற வீட்டு ஓனர், பார்சி அம்மாவோட பழைய ஃப்ளாட். இது எந்த ஊர்னு எனக்கு போர்டு வச்சுதான் சொல்லணுமா? பம்பாய். மூணும் பம்பாய்.

கோடைமழை:
எந்தப் பக்கத்துல இருக்குன்னு போடுங்க, ஒத்துக்கறேன்.

ஸ்கார்பரோ_சிவா:
நான் இஞ்ச டொராண்டோவில முப்பது வருசத்துக்கு மேல இருக்கிறன், இஞ்ச ஆரும் இப்பிடி ஊர் பாத்துப் பிரிக்கிறேல்ல. கில்லர் பரிசு 1994ல தொடங்கினது, முதல் எடுத்தவர் வசன்ஜி, கென்யாவில பிறந்து தான்சானியாவில வளந்தவர். அடுத்த வருசம் மிஸ்ட்ரி. ஒண்டாச்சி கொழும்பு, யான் மார்ட்டெல் பிறந்தது ஸ்பெயின், கரோல் ஷீல்ட்ஸ் அமெரிக்காவில பிறந்தவா. இவையள் எல்லாரையும் கழிச்சுப்போட்டு கனடா இலக்கியம் எண்டு எதைக் காட்டப் போறியள்? ஷியாம் செல்வதுரையின்ர ஃபன்னி பாயும் கொழும்பில நடக்கிற கதைதான், அதுக்காக அவரை இஞ்ச ஆரும் வெளியால விடேல்ல.

பழைய_பேப்பர்:
சிவா, எழுதினவர் எங்க பொறந்தார்னு நான் கேக்கவே இல்ல, கதை எங்க நடக்குதுன்னுதான் கேக்கறேன். மன்றோவ எடுத்தா ஒன்டாரியோ கிராமம், நரிப்பண்ணை, சின்ன டவுன், கனடா கண்ணு முன்னாடி வருது. மிஸ்ட்ரில பம்பாய்தான் வருது.

நெல்லைத்தம்பி:
அது என்ன அண்ணாச்சி, மன்றோன்னா ரெண்டு கட்சியும் கும்பிட்டுட்டு தாண்டிப் போறீங்க? 2024 மே மாசம் இறந்தாங்க, ஜூலைல அவங்க மக டொராண்டோ ஸ்டார்ல எழுதினத ஒருத்தரும் படிக்கலியா? சின்ன வயசுல ரெண்டாவது புருஷன் அந்தப் புள்ளைக்குப் பண்ணின கொடும தெரிஞ்சும் அவங்க அந்த ஆளு கூடத்தான கடைசி வரைக்கும் இருந்தாங்க. நீங்க ஒன்டாரியோ கிராமம்னு ரசிச்சுக்கிட்டு இருக்கீங்க.

கோடைமழை:
தம்பி, படிச்சேன், படிச்சதுல இருந்து மன்றோ புத்தகத்தை எடுக்கவே கை வரல. அதுக்காக படிச்சதையெல்லாம் படிக்கலன்னு சொல்ல முடியாதுல்ல. அதைப் பேச தனித் திரி போடு, நானே வந்து பேசறேன், இங்க பேப்பர் சார் நழுவறதுக்கு வழி பண்ணிக் கொடுக்காத.

நெல்லைத்தம்பி:
ஒங்க திரின்னா மத்தவன் வாயே தொறக்கக்கூடாதோ? போன மாசம் மொழிபெயர்ப்பு திரிலயும் இதே வேலைதான் பண்ணுனீங்க.

பிடிஎஃப்_குமார்:
ஃபைன் பேலன்ஸ் பிடிஎஃப் யார்ட்டயாச்சும் இருக்கா ப்ரோ

கோடைமழை:
குமார், காசு கொடுத்து வாங்குங்க, இல்ல லைப்ரரில கேளுங்க.

பேப்பர் சார், இப்ப உங்களுக்கு. எமர்ஜென்சி வந்த அதே 1975ல ஊரை விட்டுப் போன ஆள், 20 வருஷம் கழிச்சு அந்த எமர்ஜென்சியையே அறுநூறு பக்கம் கிட்ட எழுதறார். அதுல ஈஸ்வர், ஓம்னு ரெண்டு தையக்காரங்க வர்றாங்க, ஈஸ்வர் பெரியப்பா, ஓம் தம்பி பையன். தோல் வேலை செய்யற சாதில இருந்து ஊசி பிடிக்கப் போன குடும்பம். ஓமோட அப்பா நாராயணன் தன்னோட ஓட்டை தானே குத்துவேன்னு நின்னதுக்கு அவரைச் சித்திரவதை பண்ணிக் கொல்றாங்க, குடும்பத்தை வீட்டோட கொளுத்தறாங்க. இது நடக்கறது கிராமத்துல சார், உங்க மாட்டுங்கால இல்ல. அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு நான் புத்தகத்தை மூடி வச்சுட்டேன், அன்னைக்கு சமையல் கூட பண்ணல. டெல்லிலயோ பம்பாய்லயோ உக்காந்துக்கிட்டு ஒருத்தர் இவ்வளவு நிதானமா எழுதியிருப்பாரான்னு எனக்கு நம்பிக்கை இல்ல, அந்த தூரத்தைக் கொடுத்தது கனடாதான். 2010ல மும்பை யூனிவர்சிட்டி என்ன பண்ணுச்சு? சிவசேனா மாணவர் அணி கத்துச்சுன்னு அவரோட முதல் நாவல் சச் எ லாங் ஜர்னியை சிலபஸ்ல இருந்து தூக்குச்சு. உங்க பம்பாய்க்கு அவர் மேல அவ்வளவுதான் மரியாதை, நீங்க உரிமை கொண்டாட வர்றீங்க.

பழைய_பேப்பர்:
சச் எ லாங் ஜர்னி பம்பாய்தான்னு நீங்களே சொல்லிட்டீங்க, சந்தோஷம். கோதாதாத் பில்டிங் காம்பவுண்டு சுவர்ல ஒண்ணுக்கடிக்காம இருக்க எல்லா மதத்து சாமியையும் ஹீரோ வரைய வைப்பார்ல, அந்த மாதிரி சுவர் எங்க தெருவுல இருந்துச்சு, நான் பாத்திருக்கேன். அதை எழுத டொராண்டோ எதுக்கு? சிலபஸ்ல இருந்து தூக்கினது தப்புதான், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம். அவரோட முதல் சிறுகதைத் தொகுப்புல கடைசிக் கதை ஸ்விம்மிங் லெசன்ஸ் ஞாபகம் இருக்கா? பையன் எழுதின புத்தகம் பம்பாய் வீட்டுக்கு வரும், அப்பா அம்மா படிச்சுட்டு, கடைசிக் கதைலதான் கனடா நிறைய இருக்கு, அதான் பிடிச்சதும்பாங்க. பெத்தவங்களே கனடா எங்கடான்னு தேடறாங்க. 11 கதைல கனடா நிறைய வர்றது அது ஒண்ணுதான், டொராண்டோ ஃப்ளாட்டும் நீச்சல் குளமும்.

கோடைமழை:
அந்தக் கதை எனக்குத்தான் சாதகம் சார். மகன் அங்க நீச்சல் கத்துக்கப் போறான், இங்க அப்பாவும் அம்மாவும் லெட்டருக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க, ரெண்டு வீட்டையும் ஒரே கதைக்குள்ள மாத்தி மாத்திக் காட்டறார். ஊரை விட்டுப் போனவனால மட்டும்தான் அப்படி எழுத முடியும். அதை விடுங்க, கேட்டதுக்கு பதில் இன்னும் வரல. ஃபைன் பேலன்ஸ்ல அந்த ஊருக்குப் பேர் என்ன, பக்கம் எத்தனை?

பழைய_பேப்பர்:
பம்பாய். பக்கம் வேணாம், கண்ணு போதும்.

ஸ்கார்பரோ_சிவா:
நீங்கள் ரெண்டு பேரும் ஒரு ஊரின்ர பேரை வச்சுக்கொண்டு விடிய விடியக் கதைக்கிறியள். அந்த மனுசன் இத்தனை வருசமா எங்களுக்குக் கிட்ட பிராம்டனில இருக்கிறார், 2002ல அமெரிக்க எயார்போட்டுகளில திரும்பத் திரும்ப மறிச்சுச் சோதிக்கினம் எண்டு புத்தகப் பயணத்தையே பாதியில நிப்பாட்டினவர். அது இஞ்ச எங்கட சனத்துக்கும் நடந்ததுதான். அதைப் பற்றி ஒரு வரி கதைச்சனியளோ?

நெல்லைத்தம்பி:
சிவா அண்ணே, இங்க ஒங்க பேச்சையும் கேக்க மாட்டாங்க, எம்பேச்சையும் கேக்க மாட்டாங்க, பக்கம் நம்பர்தான் வேணுமாம்.

கோடைமழை:
ஆமா, பக்கம் நம்பர்தான் வேணும். மூணு நாவலும் பம்பாய்னு சொன்னது அவர், காட்ட வேண்டியதும் அவர். ஒண்ணுல காட்ட முடியலன்னா மூணும்னு சொல்லக்கூடாது.

பழைய_பேப்பர்:
மூணாவது நாவல் ஃபேமிலி மேட்டர்ஸ்ல எசாத் வேலை பாக்கற கடையோட பேரே பாம்பே ஸ்போர்ட்டிங் குட்ஸ் எம்போரியம். பக்கம் வேணும்னா வீட்டுக்குப் போய் அலமாரில பாத்து ராத்திரி போடறேன்.

கோடைமழை:
நான் கேட்டது ஃபைன் பேலன்ஸ்.